கோட்டைக்கு வெளியே எழுந்த ஊர்

சபையில் உள்ள பெரியோர்களுக்கும், வாசலில் சைக்கிளில் சாய்ந்தபடி நிற்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இன்று யாரிடமாவது அது எங்கே என்று கேட்டால், "சிவன் கோயிலடியோ, தட்டாதெருச் சந்தியோ, நாச்சிமார் கோயிலடியோ?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊர் அத்தனை துண்டாகிவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர்களைத் தட்டிப் பாருங்கள், தொழில் கேட்கும். தட்டாதெரு பொன்வேலை செய்யும் தட்டாருடையது. பக்கத்துக் கன்னாதிட்டி செம்பு, பித்தளை வேலை செய்யும் கன்னாருடையது. வண்ணார்பண்ணைக்கு விளக்கமே வேண்டாம். சிலர் அதை 'வண்ணை' என்று சுருக்குவார்கள். பாட்டுக்கு அழகுதான், எனக்கு முழுப்பெயர்தான் பிடிக்கும்.

1658இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கைக்குப் போனது. கோட்டைக்குள் அதிகாரம், கிழக்கே பறங்கித்தெரு. வடக்கே இருந்த இந்தப் பக்கம் வியாபாரிகளுக்கு வாய்ப்பான இடம். சந்தைக்குக் கிட்ட இருக்க வேண்டும், கோட்டையின் கண்ணுக்குள் இருக்கக் கூடாது. சைவக் கோயில் கட்ட நெடுங்காலம் இடங்கொடாத ஒல்லாந்தர் கடைசிக் காலத்தில் கொஞ்சம் தளர்ந்தார்கள். அந்த இடைவெளியில்தான், 1790ஐ ஒட்டி, வைத்திலிங்கச் செட்டியார் வைத்தீசுவரன் கோயிலைக் கட்டினார்.

அதே கோயிலில் 1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை, 25 வயது இளைஞர் ஒருவர் எழுந்து நின்று பிரசங்கம் செய்தார். ஆறுமுக நாவலர். அப்போது அவர் மிஷன் பாடசாலையில் வேலை பார்க்கிறார். பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில் கைகொடுக்கிறார். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் கேட்ட அந்த முறையை எடுத்து, வெள்ளிதோறும் சிவன் கோயிலில் வைத்துவிட்டார்! புராணம் படித்துப் பயன் சொல்லுவது பழைய வழக்கம். ஊர் ஒழுக்கத்தையும் கோயில் நடப்பையும் உரைநடையில், நேராக, சபையின் முகத்தைப் பார்த்துப் பேசியது புதிது. இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் நான் நிற்பதும் ஒருவகையில் அந்த வெள்ளிக்கிழமையின் கடன்தான்.

மற்றவை மளமளவென்று வந்தன. 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை. 1849இல் அச்சியந்திரம் வாங்கச் சென்னைப் பயணம். அவர் மறைந்து பதினொரு ஆண்டுகளில், 1890இல், இந்துக் கல்லூரி. எல்லாம் இந்தச் சின்ன வட்டாரத்துக்குள்தான்.

பிறகு நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 1990 ஒக்டோபரில் ஐந்துசந்திப் பக்கத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரத்தில் வெளியேற்றினார்கள். அயலவர்களான நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். 1995 ஒக்டோபரில் போர் நெருங்க, நாங்களும் மூட்டை கட்டினோம்.

சரி, இப்போதைய கதைக்கு வருவோம். முன்பு ஒரு வளவு என்றால் ஒரு வீடு, ஒரு கிணறு, வேலியோரம் பூவரசு. இப்போது அதே வளவு இரண்டிரண்டு பரப்பாக (பரப்பு எங்கள் ஊர் நில அளவு) பிரிந்து, நடுவில் மதில் எழும்பி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு மாடி வீடு. பிள்ளைகளுக்குப் பங்கு கொடுக்க வேண்டும், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் நிலம் சுண்ணக்கல். மேலே விடும் கழிவு கீழே நிலத்தடி நீரில் போய்ச் சேர அதிக நேரம் எடுக்காது. மலக்குழியிலிருந்து கிணற்றைத் தள்ளி வைக்க இந்த ஊரில் இனி வெளியிடமும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் கிணற்றடியில் நின்று, அடுத்த வளவு மலக்குழி எத்தனை அடியில் இருக்கிறது என்று ஒருக்கால் அளந்து பாருங்கள். நான் போன கிழமை அளந்தேன். 22 அடி.