வேப்பிலைக்கு இரண்டு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். வாசலில் வேப்பமரம் இருந்தால் ஒரு ஈர்க்கு ஒடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம், அவசரமில்லை.

இலை வரையச் சொன்னால் என்ன செய்வோம்? நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு வளைவு, அதையே வலப்பக்கம் திருப்பிப் போடுவோம். ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், அதாவது கருவியில்லாமல் கையாலேயே புறக்கோடு வரையும் பரீட்சைக்குத் தயார் செய்தவர்களுக்கு இது கையில் ஊறிய பழக்கம். இது லண்டன் சவுத் கென்சிங்டனில் இருந்த அரசு ஓவியப் பள்ளியிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் அங்கே பின்பற்றிய பாடத்திட்டத்தில் 23 படிகள். முதலில் கருவி வைத்துக் கோடு, அப்புறம் அச்சுப் படத்தைப் பார்த்து வரைவது. செடிகொடி பக்கம் போவதெல்லாம் பிறகுதான். 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியிலும் அந்த முறையின் செல்வாக்கு இருந்தது.

சரி, ஈர்க்கிலிருந்து ஒரு இலையைக் கிள்ளுங்கள். அடிப்பகுதியைப் பாருங்கள். ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் ஒடுக்கம். நடுநரம்பே அரிவாள் போல வளைந்து போகிறது. இரண்டு பக்கத்தையும் சமமாகப் போட்டால் அது ஏதோ ஒரு இலை; வேப்பிலை இல்லை. மறுபடியும் சொல்கிறேன், அடிப்பகுதியைப் பாருங்கள்.

முதலில் நரம்பின் வளைவு. பிறகு அகலப் பக்கம், அதற்குப் பிறகு ஒடுங்கிய பக்கம். விளிம்பிலுள்ள ரம்பப் பல் கடைசியில். பல்லை முதலில் போட்டால் கண் அதிலேயே போய்விடும், வளைவு கெட்டுவிடும். ஒருமுறை பார்த்துவிட்டுப் பத்துக் கோடு இழுக்காதீர்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் இலையைப் பாருங்கள்.

பள்ளி சொல்லித்தருவது வீண் என்று நான் சொல்லவில்லை. முழு மரத்தை வரையும்போது பென்சிலால் அளவெடுக்கும் வித்தை அங்கே கிடைத்ததுதான். ஒரு கண்ணை மூடி, கையை விறைப்பாக நீட்டி, பென்சில் நுனிக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே அடிமரத்தை அளந்து, அதைப்போல எத்தனை மடங்கு மொத்த உயரம் என்று பார்ப்பது. இதில் முழங்கை மடங்கக் கூடாது. மடங்கினால் பென்சில் கண்ணுக்குக் கிட்ட வரும், அளவு குறைத்துக் காட்டும். அடிமரத்துக்கு ஒரு கணக்கு, கிளைக்கு வேறு கணக்கு என்றாகிவிடும்.

நிழலைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. அதனால் உட்கார்ந்த முதல் பத்து நிமிடத்திலேயே நிழலின் ஓரத்தை மெல்லிய கோடாகக் குறித்துவிடுங்கள். பிறகு நிழல் எங்கே போனாலும் அந்தக் கோட்டை மாற்ற வேண்டாம். வண்ணத்துக்கு இன்று இடமில்லை. வணக்கம்.