கட்டை குறைந்தால் பாட்டு குறையுமா?

(மும்பை மாதுங்காவில் தமிழ் இசை ரசிகர்கள் சிலர் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் கனடாவின் கவிஞர்-பாடகர் லெனர்ட் கோஹனின் 'யூ வாண்ட் இட் டார்க்கர்' ஆல்பத்தை முழுசாகப் போட்டுக் கேட்டோம். மொத்தமே 36 நிமிடம்தான். அதன் பிறகு நடந்த சண்டை அதைவிட நீளம். "இது பாட்டா, வசனமா?" என்றார் ஒரு மாமா. "குரல் எப்பவோ போயாச்சு, ஸ்டூடியோவில் ஒப்பேற்றியிருக்கிறார்கள்" என்றார் இன்னொருவர். "செத்துப்போனார் என்பதற்காகத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறோம்" என்றது ஒரு இளைஞர் குரல். கண்ணைத் துடைத்துக்கொண்ட இரண்டு பேர் ஒன்றும் சொல்லவில்லை. இத்தனைக்கும் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அந்த இளைஞர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் நியாயம் இருக்கிறது. 2016 செப்டம்பர் 21, கோஹனின் 82ஆவது பிறந்தநாளன்று தலைப்புப் பாட்டு வெளிவந்தது. ஆல்பம் அக்டோபர் 21 அன்று. நவம்பர் 7 அன்று அவர் காலமானார். செய்தி உலகத்துக்குத் தெரிந்தது 10ஆம் தேதி. ஆக, மூன்று வாரத்துக்கும் குறைவான காலம்தான் அதை உயிரோடிருக்கும் ஒருவரின் ஆல்பமாக ஜனங்கள் கேட்டார்கள். அந்த அக்டோபரில் ஒரு பத்திரிகைப் பேட்டியில், சாகத் தயாராக இருக்கிறேன் என்று சொல்லியிருந்தார். பிறகு ஆல்பத்துக்காக நடந்த நிகழ்ச்சியில், கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டேன், நான் என்றென்றும் வாழப்போகிறேன் என்றார். கூட்டம் சிரித்தது. இதையெல்லாம் பின்னாலிருந்து படித்தால் ஒவ்வொரு வரியும் மரண வாக்குமூலம் போலத்தான் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான்: தேதிகளைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் அந்தப் பாட்டு நிற்கிறதா? தலைப்புப் பாட்டு நிற்கிறது. அதே ஆல்பத்தின் 'ட்ரீட்டி' பாட்டும் நிற்கிறது. இரண்டாம் பாதியில் வரும் சில பாட்டுகள், என்னைக் கேட்டால், ஒரே நடையில் ஒரே இருட்டில் போகின்றன. அங்கே மரணம் கொஞ்சம் முட்டுக்கொடுக்கத்தான் செய்கிறது.

சரி, குரல் விஷயத்துக்கு, அதாவது வயதானால் கட்டை (பாடும் ஸ்ருதியின் உயரம்) குறைகிற விஷயத்துக்கு வருவோம். சண்டையின் மையமே அதுதான்.

நம் ஷண்முகானந்தா அரங்கில் வயதான ஒரு வித்வான் கச்சேரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தார ஸ்தாயி ஷட்ஜத்தை, அதாவது மேல் 'ஸ'வை, எட்டிப் பிடிக்க முடியவில்லை. பாதியில் விட்டுவிடுகிறார், வயலின்காரர் பதவிசாக அதை எடுத்துப் பூர்த்தி செய்கிறார். நாம் என்ன சொல்கிறோம்? "என்ன ஞானம்! சாரீரம் ஒத்துழைக்கலை, ஆனா வித்தை பேசறது" என்கிறோம். கர்நாடக சங்கீத மேதை செம்மங்குடி 90 வயதைத் தாண்டியும் மேடையேறினார். கொடுத்து வைத்தோம் என்று போய் உட்கார்ந்தோம். அதே நாம் ஒரு பாப் பாடகரிடம் வந்ததும், "பழைய குரல் எங்கே?" என்று கணக்குக் கேட்கிறோம். பாப் இசை நமக்கு இளமையை விற்றது. பாடகரோடு சேர்ந்து நமக்கும் வயதாகிவிட்டதே என்ற கோபத்தை அவர் தொண்டை மேல் காட்டுகிறோம்.

கோஹன் விஷயத்தில் இந்தக் கோபத்துக்கு இடமே இல்லை. 1967இல் முதல் ஆல்பம் வந்தபோதே அவருக்கு 33 வயது. அதற்கு முன்பே கவிஞர், நாவலாசிரியர். நல்ல குரல் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை. அவரே 1988இல் ஒரு பாட்டில் தனக்குப் பொன் குரல் வரமாகக் கிடைத்திருப்பதாகக் கிண்டலடித்தார். கச்சேரிகளில் அந்த வரி வந்ததும் கைத்தட்டலும் சிரிப்பும் எழும். அந்த 1988 ஆல்பத்திலேயே குரல் கீழே இறங்கிவிட்டது. இருந்ததைத்தான் அவர் வயதான காலம் முழுக்கப் பயன்படுத்தினார்.

எப்படிப் பயன்படுத்தினார் என்று பாருங்கள். முதுகெலும்பு முறிவுகளால் உட்காரவே சிரமம். லாஸ் ஏஞ்சலஸில் அவர் வீட்டுக் கூடமே ஸ்டூடியோ ஆயிற்று. நோயாளிகளுக்கான நாற்காலியில் அமர்ந்து பாடினார். மகன் ஆடம் தயாரிப்பாளர். தலைப்புப் பாட்டின் ஆரம்பத்தை ஹெட்போனில் கேளுங்கள். முதலில் குழுவின் குரல். பிறகு பேஸ் கிடார். அப்புறம் இவர் வருகிறார், மைக்குக்கு அவ்வளவு நெருக்கமாக, உதடு பிரிவதே காதில் விழுகிறது. மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ்க் குரலில், நாலைந்து ஸ்வரம்தான், அதற்கு மேல் போவதே இல்லை. மேலே போகிற வேலையை மான்ட்ரியலில் அவர் குடும்பம் காலங்காலமாகப் போய்வந்த யூத ஆலயத்தின் பாடகர் குழு பார்த்துக்கொள்கிறது. நம் வயலின்காரர் செய்வதும் இதைத்தானே? வசனமா என்று கேட்ட மாமாவுக்கு ஒரு வார்த்தை: தாளத்துக்குச் சற்றுப் பின்னால் விழுகிற அந்தக் கடைசி அசையைக் கவனியுங்கள். வசனம் பேசுகிறவனுக்கு அந்தக் காலப்பிரமாணம், அந்த லயக் கட்டுப்பாடு, வராது. 2018இல் இந்தப் பாட்டுக்குக் கிராமி கொடுத்தார்கள், அதுவும் ராக் பிரிவில். நாற்காலியை விட்டு எழ முடியாதவருக்கு ராக் விருது! அவர் இருந்திருந்தால் ரசித்திருப்பார்.

கனடாவின் இன்னொரு பாடகி ஜோனி மிட்செல் இன்னும் தெளிவான உதாரணம். 'போத் சைட்ஸ் நௌ' பாட்டை 1969இல் தன் ஆல்பத்தில் பாடியபோது அவருக்கு 25 வயது. கிடார், பளிங்கு மாதிரிக் குரல். 2000இல், 56 வயதில், அதையே மறுபடியும் பாடினார். கட்டை நன்றாகக் குறைந்துவிட்டது, சிகரெட் கரகரப்பு வேறு. இசைக்கோர்ப்பாளர் வின்ஸ் மெண்டோசா ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்து, குரலை அமுக்காமல், வேகத்தைக் குறைத்து அமைத்தார். வாழ்க்கையை இரு பக்கமும் பார்த்தும் ஒன்றும் புரியவில்லை என்று 25 வயதுப் பெண் பாடினால் அழகாக இருக்கிறது. 56இல் பாடும்போது நம்பிவிடுகிறோம். பழையதே உசத்தி என்கிற ரசிகர்கள் இன்றும் இருக்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் அவர்கள் பழைய சட்டையைக் கேட்கிறார்கள். இங்கே இருக்கிற உடம்புக்கு அளவெடுத்துத் தைத்திருக்கிறது. பழைய ஸ்ருதியிலேயே முக்கிப் பாடி, மீதியைக் கணினியில் சரிசெய்துகொள்ளும் மூத்த பாடகர்களும் உண்டு. அந்த ஆல்பங்களைத்தான் நான் பாதியில் நிறுத்துகிறேன்.

நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் போகக்கூடாது. மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பாப் பாடகி உஷா உதுப், பள்ளிக்கூடத்துப் பாட்டு வகுப்பில் குரல் சேராது என்று ஒதுக்கப்பட்டவர். ஆரம்பத்திலேயே கனத்த குரல் என்பதால், வயது அவரிடமிருந்து பறித்துக்கொள்ள அதிகம் இல்லாமல் போயிற்று.

கோஹனுக்கும் இந்த ஊருக்கும் உறவு உண்டு என்று சிலருக்குத் தெரியாது. 1999இல் தென் மும்பையின் கெம்ப்ஸ் கார்னரில் ஒரு எளிய ஹோட்டலில் தங்கி, ரமேஷ் பல்சேகர் வீட்டுக் காலைச் சத்சங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். பல்சேகர் வங்கியில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அத்வைதி, மும்பையில் வாழ்ந்த ஞானி நிசர்கதத்த மகராஜின் சீடர். பல வருஷ மன அழுத்தம் அந்தக் காலத்தில் விலகியதாகக் கோஹனே சொல்லியிருக்கிறார். 2001இல் 'டென் நியூ சாங்ஸ்' வந்தது. கடைசிக் கால ஆல்பங்களின் நிதானத்தை அங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்.

2019இல் வந்த 'தேங்க்ஸ் ஃபார் த டான்ஸ்' பற்றியும் ஒருவர் கேட்டார். அப்பா விட்டுப்போன குரல் பதிவுகளுக்கு மகன் இசை சேர்த்து முடித்த ஆல்பம் அது. அன்போடு செய்த வேலை, சந்தேகமில்லை. ஆனால் எந்த வரியை இன்னொரு தடவை பாடலாம், எதைத் தூக்கி எறியலாம் என்று சொல்ல அவர் இல்லை. ஒரு பாட்டை வருஷக்கணக்கில் அடித்துத் திருத்தும் மனுஷன். அதனால் அதை நான் கேட்பேன், அவர் கணக்கில் சேர்க்க மாட்டேன். இதற்கு மறுப்பு இருப்பவர்கள் இப்போது கை தூக்கலாம்.