படம் அனுப்பினால் காளானின் பெயர் சொல்வீர்களா?

முதலில் இந்த மேசையைப் பாருங்கள். ஒரு வெள்ளைத் தாள், அதை ஒட்டி ஒரு கறுப்புத் தாள், இரண்டின் மேலும் பாதிப் பாதி உட்காரும்படி ஒரு காளானின் குடை, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம். நேற்று இரவு வைத்தது. நானும் இன்னும் திறந்து பார்க்கவில்லை, கடைசியில் சேர்ந்தே பார்க்கலாம். அதற்கு முன்னால் நமக்குள் இருக்கும் ஒரு சண்டையைத் தீர்த்துவிடுவோம்.

நீங்கள் காளான் படம் அனுப்பி இது என்ன வகை என்று கேட்கிறீர்கள். நான் "சொல்ல முடியவில்லை" என்று பதில் போடுகிறேன். "வருஷக்கணக்காகக் காளானைப் பற்றியே பேசுகிறீர்கள், ஒரு பெயர் சொல்ல வரவில்லையா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். கோபம் நியாயம்தான். ஆனால் வரும் படங்கள் எப்படி இருக்கின்றன தெரியுமா? இதோ, திரையில் போடுகிறேன். நின்றபடியே மேலிருந்து எடுத்த படம். காய்ந்த இலைகள், நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். அவ்வளவுதான். குடை பிடித்துக்கொண்டு போகிறவரை மாடியிலிருந்து படமெடுத்து, இவர் யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

காளானின் அடையாளம் பெரும்பாலும் அந்தக் குடைக்குக் கீழேதான் இருக்கிறது. அடியில் மடிப்புகளா, சிறு துளைகளா? மடிப்புகள் தண்டோடு ஒட்டியிருக்கின்றனவா, விலகி நிற்கின்றனவா? தண்டில் வளையம் உண்டா? இதற்கெல்லாம் குனிந்து பார்த்தால் போதும். மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதிக்குக் கத்தியால் தோண்ட வேண்டும். உலகத்திலேயே அதிக உயிர்களை எடுக்கும் காளான் அமனிட்டா ஃபல்லாய்டிஸ். டெத் கேப் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் அடியில் கிழிந்த பை மாதிரி ஒன்று இருக்கும். தண்டைக் கிள்ளி எடுத்தால் அந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும். கையில் வருவது பார்க்க லட்சணமான, சாதுவான ஒரு காளான்.

சரி, பையைப் பார்த்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. வைக்கோல் காளானுக்கும் அடியில் பை உண்டு. இரண்டுமே மொட்டாக இருக்கும்போது சின்ன முட்டை போல இருக்கும். வைக்கோல் காளானைப் பார்த்து வளர்ந்தவர்கள் டெத் கேப் முளைக்கிற நாடுகளுக்குப் போய், பழகிய கண்ணாலேயே ஏமாந்திருக்கிறார்கள். வளர்ந்த பிறகு டெத் கேப்புக்குத் தண்டில் வளையம் இருக்கும், வைக்கோல் காளானுக்கு இருக்காது. காளானின் விதை மாதிரியான வித்துகள் மடிப்புகளிலிருந்து தூளாக உதிரும்; டெத் கேப்பின் வித்துத் தூள் வெள்ளை, வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. ஆனால் மொட்டைப் படமெடுத்து அனுப்பினால் நான் பார்ப்பது ஒரு முட்டையைத்தான்.

இதில் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஒன்றுமே தெரியாது. பல பேருக்கு அரை நாள்கூட ஆகும். அப்புறம் வாந்தி, பேதி. ஒரு நாள் கழித்து சரியாகிவிட்டது போல இருக்கும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அமாடாக்சின் என்ற அந்த நஞ்சு, செல்கள் ஆர்.என்.ஏ. தயாரிக்கும் வேலையையே நிறுத்திவிடுகிறது. வேகவைத்தாலும் போகாது, காயவைத்தாலும் போகாது. வெள்ளிக்காசு கறுத்தால் விஷம், பூச்சி கடித்திருந்தால் நல்லது என்று சொல்வதை நம்பாதீர்கள். நத்தைகள் டெத் கேப்பை நிம்மதியாகத் தின்றுவிட்டுப் போகும்.

இப்போது கேமராவின் பங்குக்கு வருவோம். மரநிழலில் வெளிச்சமே பச்சையாகத்தான் விழும். போன் அதைத் தானே "சரி" செய்யும். ஆலிவ் பச்சைக் குடை மங்கிய பழுப்பாக வந்து சேரும். ஒரே காளானை ஒரே நிமிடத்தில் இரண்டு போன்களில் எடுத்து வைத்திருக்கிறேன், பாருங்கள், அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல மாட்டீர்கள். காளானும் தன் பங்குக்கு வேஷம் மாற்றும். மழை அடித்தால் குடைமேல் இருக்கும் வெள்ளைப் பொட்டுகள் கழுவிப் போய்விடும், வெயிலில் நிறம் வெளுக்கும். பக்கத்தில் ஒரு சாவியோ அளவுகோலோ வைக்காவிட்டால், அது விரல்நக அளவா தட்டு அளவா என்பதும் தெரியாது.

படத்தில் வரவே வராத இன்னொன்று வாசனை. அகாரிகஸ் சாந்தோடெர்மஸ் என்று ஒரு வெள்ளைக் காளான். பார்க்க, சாப்பிடுகிற வயல்வெளிக் காளான் மாதிரியே இருக்கும். தண்டின் அடியை வெட்டினால் சட்டென்று அடர் மஞ்சளாகும், மை வாடையோ மருந்து வாடையோ அடிக்கும். சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். அது படத்தில் வெள்ளைக் காளான், அவ்வளவே. மடிப்புக்குப் பதில் அடியில் துளைகள் உள்ள பொலீட் காளான்களில் சில, வெட்டிய சில விநாடிகளில் நீலமாக மாறும். படம் எடுத்தது மாறுவதற்கு முன்னாலா பின்னாலா?

ஆப் இருக்கிறதே என்பீர்கள். 2023-ல் வெளியான ஒரு ஆய்வில் நிபுணர்கள் பெயர் உறுதி செய்த காளான்களின் படங்களை மூன்று ஆப்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இருப்பதில் சிறந்தது சுமார் பாதிதான் சரியாகச் சொன்னது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அவை கற்றுக்கொண்டதும் படங்களிலிருந்துதானே. உலகில் பெயர் வைக்கப்பட்ட பூஞ்சை இனங்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். மொத்தம் 22 லட்சம் முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்று 2017-ல் மதிப்பிட்டார்கள். ஆராய்ச்சியாளர்களே நுண்ணோக்கியில் வித்துகளை அளந்து, அப்போதும் தீராவிட்டால் டி.என்.ஏ. வரை போகிறார்கள்.

நானும் ஒருமுறை வாயை விட்டிருக்கிறேன். புல்வெளியில் பெரிய குடை, தண்டில் மேலும் கீழும் நகரும் வளையம், வெள்ளை மடிப்புகள். படம் பிரமாதமாக இருந்தது. "மேக்ரோலெபியோட்டா, பாரசோல் காளான்" என்று, சாப்பிடுகிற ஒரு வகையின் பெயரை அடித்துச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அதே இடத்தின் படம் வந்தது, மடிப்புகள் பச்சையாகியிருந்தன. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ்! சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆளைச் சுருட்டிப் போடும் வாந்தி, பேதி. நல்லவேளை, யாரும் சாப்பிடவில்லை. அன்றிலிருந்துதான் இந்த "சொல்ல முடியவில்லை".

அதனால் அனுப்புவதாக இருந்தால் மேலே, பக்கவாட்டில், அடியில் என மூன்று படமாவது அனுப்புங்கள். அடியோடு தோண்டி எடுங்கள், நெடுக்காகப் பிளந்து ஒரு படம், பக்கத்தில் என்ன மரம் என்று ஒரு வரி. அப்போதும் நான் பேரினம் வரைதான் சொல்வேன். சாப்பிடலாமா என்ற கேள்விக்குப் படத்தை வைத்து ஒருபோதும் பதில் சொல்ல மாட்டேன். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் எனக்குப் படம் அனுப்பி நேரத்தை வீணாக்காதீர்கள். மீதிக் காளானைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நேராக மருத்துவமனைக்குப் போங்கள், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும்.

சரி, கிண்ணத்துக்கு வருவோம். 1821-ல் ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் காளான்களை வித்துத் தூளின் நிறத்தை வைத்து வகை பிரிக்கத் தொடங்கினார். இன்றும் களத்தில் முதல் கேள்விகளில் ஒன்று அதுதான். செலவே இல்லாத சோதனை: குடையை இரவு முழுக்கத் தாளில் வைத்தால் தூள் அதன்மேல் உதிர்ந்துவிடும். இது நேற்று விரிந்த குடை, மடிப்புகள் வெள்ளையாக இருந்தன, நகரும் வளையமும் இருந்தது. எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? திறக்கிறேன்... குடையைத் தூக்குகிறேன்...

ஆகா. பச்சை! கோடு கோடாக, என்ன அழகாக விழுந்திருக்கிறது. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், பாருங்கள். இல்லையே, திரையில் சாம்பலாகத் தெரிகிறது. இருங்கள், ஜன்னல் பக்கம் போகிறேன். இப்போது? ம்... இன்னும் சாம்பல்தான். நேரில் இது பச்சை, சத்தியமாக.