மகள் பனிமலைக்குப் போகிறாள்: அரூர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி, நம் தர்மபுரி மாவட்டம் அரூரிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. வாசிக்கிறேன். “என் மகள் ஜெர்மனியில் வேலை பார்க்கிறாள். அலுவலக நண்பர்கள் ஏப்ரலில் ஆல்ப்ஸ் மலையில் ஆறு நாள் பனிச்சறுக்குப் பயணம் போகிறார்கள். பிரான்ஸில் தொடங்கி சுவிட்சர்லாந்தில் முடிகிறதாம். ஓசூர் குளிருக்கே சால்வை போர்த்துகிறவள், அங்கே தாங்குவாளா? கூட்டமாகத்தானே போகிறோம், பயமில்லை என்கிறாள். தின்ன என்ன கொடுத்து அனுப்பலாம்?”

அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஷாமோனியிலிருந்து செர்மாட் வரை போகிற ‘ஓட் ரூட்’ பாதையாக இருக்கும். சினிமாவில் காட்டுவதுபோல ரோப் காரில் ஏறிச் சறுக்கி இறங்கும் விளையாட்டு இல்லை இது. பெரும்பாலும் தங்கள் காலால்தான் ஏற வேண்டும். சறுக்குப் பலகையின் அடியில் ‘ஸ்கின்’ என்று ஒரு பட்டையை ஒட்டுவார்கள். அதன் ரோமம் ஒரே பக்கமாகப் படிந்திருக்கும். முன்னால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் சரியாமல் பனியைப் பிடித்துக்கொள்ளும். உச்சிக்குப் போனதும் உரித்து மடித்து, சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொள்வார்கள். வெளியே வைத்தால் பசை விறைத்து, அடுத்த ஏற்றத்தில் ஒட்டாது. இரவில் மலைக்குடிலில் படுக்கை, கம்பளி, சூடான சாப்பாடு எல்லாம் கிடைக்கும். எனவே இரவைப் பற்றிக் கவலை வேண்டாம்.

குளிரைத் தாங்குவாளா என்றால், தாங்குவாள். அரூரில் பிறந்த உடம்புக்கும் அங்கே பிறந்த உடம்புக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. குளிரைவிட மோசமானது வியர்வையும் காற்றும். ஏறும்போது நனைந்த உள்சட்டை, நின்றவுடன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், தோலுக்கு அது மைனஸ் 21 போல இருக்கும். பருத்தி பனியனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மெல்லிய கம்பளி உள்சட்டை, மேலே காற்றுப் புகாத சட்டை. ஏறத் தொடங்கும்போது லேசாகக் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. கையுறை இரண்டு ஜோடி வேண்டும். ஒன்று காற்றில் பறந்தால் விரல் போய்விடும்.

இப்போது அந்தக் ‘கூட்டமாகப் போகிறோம்’ என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது அதுதான். 2018 ஏப்ரல் இறுதியில் இதே பாதையில், வின்யெட் குடிலை நோக்கிப் போன 14 பேர் புயலில் சிக்கினார்கள். தனி ஆட்கள் இல்லை, கூட்டம்தான். ஒரு குழுவுக்கு அனுபவமுள்ள வழிகாட்டியும் இருந்தார். மோசமான வானிலை வரும் என்ற முன்னறிவிப்பும் இருந்தது. கண்ணுக்கு முன்னால் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியாமல், இரவு முழுவதும் வெளியில் கிடந்தார்கள். குடில் சுமார் அரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. வழிகாட்டி உட்பட ஏழு பேர் இறந்தார்கள். 2024 மார்ச்சில் செர்மாட்டிலிருந்து அரோலா என்ற ஊருக்குக் கிளம்பிய ஆறு பேரில் ஐவரை டெட் பிளான்ஷ் மலையருகே சடலமாக மீட்டார்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கூட்டத்தில் ஒவ்வொருவரும் ‘அவன் யோசித்திருப்பான்’ என்று அடுத்தவரை நம்பி நடப்பார்கள். திரும்பலாமா என்று கேட்க எல்லோருக்கும் கூச்சம். மெதுவாக வருபவருக்காகக் காற்றில் நின்று நின்றே வேகமாக ஏறியவரும் விறைத்துப்போவார். அதனால் மகளிடம் ‘குளிருமா’ என்று கேட்காதீர்கள். ‘திரும்பலாம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? ஒருவர் சொன்னால் போதுமா, எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டுமா?’ என்று கேளுங்கள். ஒருவர் சொன்னால் போதும் என்று கிளம்பும் முன்பே பேசி வைத்திருந்தால், அது நல்ல குழு.

அடுத்து, கையில் ஒரு நாள் உபரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு நாள் பயணம், ஞாயிறு முடிகிறது, திங்கள் காலை அலுவலகம் என்றால் எனக்குப் பிடிக்கவில்லை. புயல் அன்று குடிலிலேயே போர்வைக்குள் படுத்திருக்க வேண்டியவர்களை வெளியே இழுப்பது பல நேரம் அந்தத் திங்கட்கிழமைதான். பாதியில் விட்டுவிடவும் வழி இருக்கிறது. வின்யெட் பக்கத்திலிருந்து அதே அரோலாவுக்கு இறங்கினால் பஸ் உண்டு. ஆனால் அதுவும் வானம் தெளிவாக இருக்கும்போது இறங்க வேண்டிய வழி.

பனிச்சரிவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவில் உள்ள பனிதான் பெரும்பாலும் பெயர்ந்து விழும். சுவிட்சர்லாந்தில் டாவோஸ் நகரில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை 5 மணிக்கு அபாய அளவை வெளியிடுகிறது, 1 முதல் 5 வரை. 5 என்றால் யாரும் கிளம்ப மாட்டார்கள். நடுவில் இருக்கிற 3-தான் ஆட்களை ஏமாற்றிப் பலி வாங்குகிறது. ஒவ்வொருவர் உடம்பிலும் சிக்னல் அனுப்பும் கருவி, பையில் புதைந்தவரைக் குத்தித் தேட மடக்குக் கம்பி, தோண்ட மண்வெட்டி இருக்க வேண்டும். புதைந்தவரைச் சுமார் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதற்குமேல் அது கிடுகிடுவெனக் குறையும். ஹெலிகாப்டர் வரும் வரை காத்திருக்க நேரமில்லை, கூட இருக்கிறவர்கள்தான் தோண்ட வேண்டும். ‘கருவி வாங்கிவிட்டேன்’ என்பாள். ‘ஒரு கருவியைப் பனியில் புதைத்து வைத்துத் தேடிப் பழகினாயா?’ என்று கேளுங்கள். அதேபோல் பனியாற்றில், அதாவது மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டிப் பரப்பில், ஆள் விழுகிற வெடிப்புகள் உண்டு. கயிறு கட்டத் தெரிந்த ஒருவர் அவர்களுக்குள் இல்லை என்றால், சான்றிதழ் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது.

சாப்பாடு. உங்கள் கேள்வியில் எனக்குப் பிடித்த பகுதி இது. கடலை உருண்டை தாராளமாகக் கொடுத்து அனுப்புங்கள், அதில் கொழுப்பும் வெல்லமும் இருக்கிறது, சாக்லேட்டுக்குக் குறைந்ததில்லை. ஆனால் நெல்லிக்காய் அளவில் சின்னதாகப் பிடியுங்கள். குளிரில் வெல்லம் கல்லாகிவிடும், பெரிய உருண்டையைக் கடித்தால் பல் போகும். பையில் வைக்காமல் சட்டையின் உள்பாக்கெட்டில், செல்போனோடு சேர்த்து வைக்கட்டும். குளிரில் பேட்டரியும் படுத்துவிடும். முறுக்கு வேண்டாம், இரண்டாம் நாளே பொடியாகிவிடும்.