நூறு அரிசியில் ஒன்று மட்டும் ஏன் மிதக்கிறது?

அரிசி களையும்போது சில மணிகள் மட்டும் மிதப்பதைக் கண்டு, “பிளாஸ்டிக் அரிசி” என்று பதறிப் பொறுக்கி எறிந்தவர்கள் இந்தக் காணொளியை இறுதிவரை பார்க்க வேண்டும். ஏனெனில், அந்தப் பானையிலேயே சத்து மிகுந்த மணிகள் அவையாக இருந்திருக்கலாம். செறிவூட்டிய அரிசி, அதாவது சத்துகள் சேர்த்த அரிசி பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

அன்றாட உணவில் சத்துகளைச் சேர்க்கும் முறைக்கு வழிகாட்டியது உப்பு. சுவிட்சர்லாந்தில் 1922-லும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1924-லும் அயோடின் கலந்த உப்பு விற்பனைக்கு வந்தபின், அயோடின் குறைவால் கழுத்து வீங்கும் கழுத்துக்கழலை நோய் வெகுவாகக் குறைந்தது. வரலாறு இவ்வளவு போதும், அரிசிக்கு வருவோம்.

உப்பிலும் மாவிலும் சத்துத்தூளை நேரடியாகக் கலந்துவிடலாம். முழு அரிசியின் மேல் தூவினால், களைந்த நீரோடு அது போய்விடும். ஆகவே அரிசியைக் கொண்டே அரிசி செய்கிறார்கள்: அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைக் கலந்து, நீராவியில் பதப்படுத்தி, அச்சின் துளைகள் வழியே அழுத்தி, வெளிவரும் இழையை மணி மணியாக நறுக்கி உலர்த்துகிறார்கள். இந்த மணிகள் சாதாரண அரிசியோடு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலக்கப்படுகின்றன. அடர்த்தி சற்றுக் குறைவு என்பதால் சில மிதக்கின்றன. எரித்துப் பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கக் கிளம்புவோருக்கு ஒரு வார்த்தை: எந்த அரிசியை எரித்தாலும் கருகத்தான் செய்யும்!

இதில் நான் மிகவும் ரசித்தது இரும்பைத் தேர்ந்தெடுத்த விதம். ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்புச் சேர்மம் உடலில் எளிதில் சேரும்; ஆனால் சோற்றின் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும். ஃபெரிக் பைரோபாஸ்பேட் என்ற வெண்ணிற இரும்புச் சேர்மம் அவ்வளவு எளிதில் சேராது. ஆயினும் சோறு சோறாகவே இருக்கும். பெரும்பாலும் இரண்டாவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். தட்டிலேயே ஒதுக்கிவைத்த சோற்றிலிருந்து யாருக்கும் இரும்புச்சத்து கிடைக்கப் போவதில்லை அல்லவா?

ஃபோலிக் அமிலத்தின் கதை வேறு. பின்னாளில் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் கருவின் நரம்புக்குழாய் முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிவிடும்; அது சரியாக மூட ஃபோலிக் அமிலம் உதவுகிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே அதற்குள் தெரிந்திருக்காது. மாத்திரை தொடங்கும் முன்பே காலம் கடந்துவிடுவதால், அன்றாட உணவிலேயே அதைச் சேர்ப்பது பொருத்தமாகிறது. அமெரிக்காவில் 1998 முதல் செறிவூட்டிய தானிய மாவில் அது கட்டாயமானபின், நரம்புக்குழாய்க் குறைபாட்டுடன் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது.

ஆயினும், இது காய்கறிக்கும் பருப்புக்கும் மாற்று என்று விளம்பரம் செய்வதை நான் ஏற்கவில்லை. இரத்தசோகை முழுவதும் இரும்புக் குறைவால் வருவதுமில்லை. உடலில் இரும்பு மிகையாகச் சேரக்கூடிய பரம்பரை இரத்தக் கோளாறான தலசீமியா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு உண்பது நல்லது. உங்கள் வீட்டு அரிசிப் பையில் எந்தெந்தச் சத்து எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து, கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.