ரத்தசோகையோடு புதிதாக ஒரு மர்மர்: இரண்டுக்கும் என்ன தொடர்பு?

[திரை: ரத்தப் பரிசோதனைச் சீட்டு, ஹீமோகுளோபின் 7.8]

ஹீமோகுளோபின் 7.8. இதயத்தில் முன்பு இல்லாத மர்மர், அதாவது ரத்தம் சலசலத்துப் பாயும் சத்தம். "ரத்தம் குறைஞ்சா அப்படித்தான் கேட்கும்" என்று இரும்புச்சத்து மாத்திரையோடு அனுப்பிவிடலாமா?

பல நேரம் அது உண்மைதான். ரத்தம் நீர்த்துப்போகிறது, இதயம் வேகமாக இறைக்கிறது, வால்வைத் தாண்டும்போது சலசலப்பு. ஆனால் அந்தச் சத்தம் மெல்லியது. இதயம் சுருங்கும்போது, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் கேட்கும். இதயம் விரியும்போது கேட்டால் ரத்தசோகை மேல் பழி போடாமல் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க வேண்டும்.

[திரை: வால்வில் ஒட்டிய கிருமித் திரள்]

வாரக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல், எடை இறக்கம் இருந்தால் முதல் சந்தேகம் எண்டோகார்டைட்டிஸ், அதாவது இதயத்தின் உட்சவ்விலும் வால்விலும் கிருமித்தொற்று. கிருமி வால்வை அரிப்பதால் கசிவு, அதனால் மர்மர். நீடித்த அழற்சியில் உடல் இரும்பைப் பூட்டிவைத்துக்கொள்வதால் ரத்தசோகை. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறையாமலே இருக்கும், மாத்திரையால் பெரிய பலன் இராது.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, காய்ச்சலுக்கு முதலில் ஆன்டிபயாடிக் கொடுப்பது. பிறகு கல்ச்சரில் (ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கிருமி வளராமல் போகலாம். மருந்துக்கு முன்பே, வெவ்வேறு இடங்களில் குத்தி 3 செட் ரத்தம் எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. சாதாரண எக்கோவில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் வலுவாக இருந்தால், உணவுக்குழாய் வழி எக்கோ. கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் என்ற கிருமி வந்தால் கொலோனோஸ்கோப்பியும் (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) தேவை: பெருங்குடல் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம், ரத்தக்கசிவும் அங்கிருந்தே இருக்கலாம்.

[திரை: சுருங்கிய அயோர்ட்டிக் வால்வு]

வயதானவரா? 1958இல் மருத்துவர் எட்வர்ட் ஹைடி கவனித்த ஜோடி இது: அயோர்ட்டிக் வால்வு (இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாசல்) சுருக்கமும் குடல் ரத்தக்கசிவும். ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் புரதம் குறுகிய வால்வு வழியே பாயும்போது சிதைகிறது. குடலின் நலிந்த நாளங்கள் கசிகின்றன. மலம் தார்போல ஒட்டி நாறுகிறதா என்று கேளுங்கள். வெறும் கறுப்பு மட்டும் போதாது, இரும்பு மாத்திரையும் கறுப்பாக்கும். வால்வை மாற்றினால் பலருக்குக் கசிவு நிற்கிறது.

செயற்கை வால்வு உள்ளவருக்கு, வால்வின் ஓரமாக ரத்தம் கசியும்போது சிவப்பணுக்கள் உடையலாம். ரத்தப் பரிசோதனையில் எல்டிஹெச் என்ற நொதி கூடி, ஹேப்டோகுளோபின் என்ற புரதம் குறைந்து, ஸ்மியரில் (நுண்ணோக்கியில் பார்க்கும் ரத்தப் பூச்சில்) உடைந்த துண்டுகள் தெரியும்.

மாத்திரை மட்டும் போதும் என்று அனுப்பியவரையும் ஹீமோகுளோபின் சரியான பிறகு திரும்ப அழைத்து, மார்பில் ஸ்டெதஸ்கோப் வையுங்கள். சத்தம் இன்னும் இருந்தால் எக்கோவுக்கு எழுதுங்கள்.