போருக்கு முன் ஒரு வாக்கெடுப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்றம் ஒப்புக்கொள்ளாமல் நாடு போரில் இறங்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரி சேர்ப்பது சுலபம். அந்த வரியில் ஓட்டை விழுவது எங்கே என்று பார்க்க வேண்டும்.

போரை அறிவிக்கும் அதிகாரம் அமெரிக்காவில் காங்கிரசுக்குத்தான், அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குத்தான். ஆனால் 1942-க்குப் பிறகு அங்கே முறைப்படி ஒரு போர் அறிவிப்புகூட வரவில்லை. வியட்நாம் போரே அப்படி நடந்ததுதான். அந்தச் சூட்டில் 1973-ல் ஒரு தீர்மானம் சட்டமானது. படை மோதலில் இறங்கினால் 48 மணி நேரத்தில் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டும். 60 நாளில் ஒப்புதல் கிடைக்காவிட்டால் விலக வேண்டும், திரும்பி வர மேலும் 30 நாள். 2011-ல் லிபியாவில் அந்த 60 நாள் கடந்தது. "சட்டம் சொல்லும் மோதல் இதுவல்ல" என்று ஒபாமா அரசு வாதாடியது. விமானங்கள் தொடர்ந்து பறந்தன.

ஜெர்மனி 'போர்' என்ற சொல்லை நம்பவில்லை. அதன் 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆயுதமேந்திய படையை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கே ஒப்புதல் தேவை. அரசு கொண்டுவரும் கோரிக்கையில் பணி என்ன, எந்தப் பகுதி, சட்ட அடிப்படை எது, அதிகபட்சம் எத்தனை வீரர்கள், எவ்வளவு காலம், என்ன செலவு என்று எல்லாம் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் அதைத் திருத்த முடியாது. ஏற்கலாம், இல்லையென்றால் நிராகரிக்கலாம். இதுவே சரி என்பேன், போர்த் திட்டத்தைச் சபையில் உட்கார்ந்து வரைய முடியாது. தாமதிக்க முடியாத ஆபத்து என்றால் படை முதலில் போகலாம். பிறகு சபை மறுத்தால் திரும்பியாக வேண்டும். கொடுத்த ஒப்புதலைச் சபை பின்னர் ரத்து செய்யவும் முடியும்.

வாக்கெடுப்பு எப்போது என்பதும் முக்கியம். பிரிட்டனில் 2003 மார்ச் 18 அன்று இராக் போருக்கு ஆதரவாக 412, எதிராக 149. அதற்குள் படைகள் குவைத்தில் குவிந்துவிட்டன. அந்த நிலையில் 'வேண்டாம்' என்பது எவ்வளவு கடினம்! 2013-ல் சிரியா விஷயத்தில் 285-க்கு 272 என்று அரசு தோற்றது, பிரதமர் பணிந்தார். 2018-லோ வாக்கெடுப்பே இல்லாமல் சிரியாவைத் தாக்கினார்கள். சட்டமாக எழுதாமல் மரபாக விட்டால் இப்படித்தான்.

கடைசியாக, முடிவுத் தேதி. ஜெர்மனியில் ஒப்புதல் பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான். தொடர வேண்டுமென்றால் மறுபடி சபைக்கு வர வேண்டும். செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அமெரிக்கக் காங்கிரஸ் 2001-ல் தந்த அனுமதியில் தேதியும் இல்லை, நாட்டின் பெயரும் இல்லை. அடுத்தடுத்து நான்கு அதிபர்கள் அதைக் காட்டியே படை அனுப்பினார்கள்.